ரெம்பிராண்டின் இல்வாழ்க்கை

ஒல்லாந்து தேசத்துச் சித்திரகாரர் ரெம்பிராண்டின் புகழைக் கேட்டோர் பலர். அவர் குடியிருந்த வீட்டின் கதையை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கச் சொல்லப் புகுந்தோம்.

1606-ம் வருஷம் லெய்டன் நகரில் மாவாலைக்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த இவர், ஆம்ஸ்டர்டாம் சென்று கீர்த்தி பெற்று, 1634-ல் சாஸ்கியா என்னும் பெருங்குடிப் பெண்ணை மணந்தார். 1639-ல் 13,000 கில்டர் நாணயத்துக்குப் பெரிய வீடொன்றைத் தவணைக் கடனில் வாங்கினார்.

அவ்வீட்டில் அவர் சேர்த்த பொருள்களோ கொஞ்சமல்ல. ரோமச் சக்கரவர்த்திகளின் தலைச்சிலைகள், தலைக்கவசங்கள், கடற்சிப்பிகள், பவளக்கொடிகள், பிறர் எழுதிய படங்கள் என அறைகள் நிரம்பின. நம் நாட்டு மொகலாயச் சிறுபடங்களும் அவர் கைக்கு எட்டின. அவற்றைப் பார்த்து ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலியோரை அவர் தீட்டிய கோட்டுப்படங்கள் இருபதுக்கு மேல் இன்றும் உள. ஏலத்திற்குப் போனால் வெறுங்கையோடு திரும்பும் சுபாவம் அவருக்கில்லை.

குழந்தைகள் மூவர் சிசுப்பருவத்திலேயே இறந்தனர். 1641-ல் பிறந்த டைட்டஸ் ஒருவனே தங்கினான். மறுவருஷம் சாஸ்கியாவும் காலஞ்சென்றாள். நோய்ப்படுக்கையிற் கிடந்த அவளையும் அவர் கோடுகளில் வரைந்து வைத்திருக்கிறார். மறுமணம் செய்யின் அவள் சொத்தின் அநுபோகம் அவருக்கு அற்றுப்போம் என்பது அவளது மரண சாசனம்.

பின் நிகழ்ந்ததை மறைத்தல் நமக்கு உடன்பாடன்று. குழந்தையை வளர்க்க வந்த கீர்த்தியே என்னும் விதவை, தம்மை மணப்பதாக வாக்களித்தாரென்று 1649-ல் வழக்காடி ஜீவனாம்சம் பெற்றாள். அடுத்த வருஷமே அவளை கௌடா நகரத்துத் திருத்தச்சாலையில் அடைப்பிக்க இவர் பொருள் கொடுத்து உதவினார். மகா சித்திரகாரரென்பதற்காக இதனைப் பொறுக்க நம்மாற் கூடவில்லை. அப்பால் ஹெண்ட்ரிக்கியே என்பாள் மணமின்றியே அவருடன் வாழ்ந்தாள். திருச்சபையார் 1654-ல் அழைத்துக் கண்டித்தும் அவள் பிரியவில்லை.

1653-ல் வீட்டுக்கடனை அடைக்க வேறு கடன் வாங்கினார். 1656-ல் திவாலானார். அதிகாரிகள் அறை அறையாய்ப் புகுந்து 363 இலக்கங்கள் கொண்ட ஜாபிதா எழுதினர். 1658-ல் வீடும் விலைபோயிற்று.

வாடகை வீட்டிலே, 1660-ல் மகனும் ஹெண்ட்ரிக்கியேவும் கூட்டு வியாபாரம் தொடங்கி, ரெம்பிராண்டை உணவும் உறைவிடமும் பெறும் ஊழியராய் வைத்துக் கடன்காரரிடமிருந்து காத்தனர். அவள் 1663-லும் டைட்டஸ் 1668-லும் மாண்டனர். 1669 அக்டோபரில் அவரும் மறைந்தார்.

பழைய வீடு 1911-ல் காட்சிச்சாலையாயிற்று. எவ்வறையில் எது இருந்ததென்று அங்கே இப்போது அமைத்துக் காட்ட உதவுவது, கடன்காரருக்காக எழுதிய அந்த ஜாபிதாவே.