எட்டி நின்றவர்களுக்கும் ஓர் இடம்

நம் கன்னியாகுமரி மண் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்தே இருந்தது. நாஞ்சில் நாடு அந்த நாட்டின் நெற்களஞ்சியமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை அதன் தலைநகரும் நம் பத்மநாபபுரமே. அந்தத் திருவிதாங்கூரில் பிறந்து, இந்தியர்களின் வீட்டுச் சுவர்களையே மாற்றிவிட்டுப் போனவர் ஓவியர் இராஜா இரவிவர்மா. அவரது வாழ்க்கையில் நம் சிந்தனைக்கு உரிய செய்தி ஒன்று இருக்கிறது.

இரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட குடும்பம் அது. சிறுவனாக இருந்தபோதே கரித்துண்டால் சுவரெங்கும் விலங்குகளையும் பறவைகளையும் வரைந்துவிடுவார். மற்றவர்கள் கடிந்துகொண்டாலும், தாமே ஓவியராக இருந்த தாய்மாமன் இராஜராஜவர்மா பையனின் கையில் இருந்த திறமையைக் கண்டுகொண்டார். 14 வயதில் அவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று மன்னர் ஆயில்யம் திருநாளிடம் ஒப்படைத்தார்.

அங்கே இளைஞரான இரவிவர்மாவின் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஐரோப்பிய எண்ணெய் ஓவியம். நீர் வண்ணம் சீக்கிரம் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணமோ மெதுவாக உலரும். அதனால் வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து, கன்னத்தின் வளைவையும் பட்டின் மடிப்பையும் கையால் தொடலாம் போல் காட்ட முடியும். தட்டையான துணியில் ஆழம் தெரியும். இதை எப்படிச் செய்வது?

கற்றுத்தர ஆள் இல்லாமல் இல்லை. கற்றுத்தர மனம்தான் இல்லை. அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கருக்கு எண்ணெய் ஓவியம் தெரியும். ஆனால் இளைஞர் தமக்குப் போட்டியாக வந்துவிடுவார் என்று அஞ்சி மறுத்துவிட்டார். அவருடைய சீடரான ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். 1868இல் அரச குடும்பத்தாரின் உருவங்களை வரைய தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்கச் சம்மதிக்கவில்லை. மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில், தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது இரவிவர்மா நின்று பார்த்தார். வண்ணத்தை எப்படிக் கலக்கிறார், எங்கே இருட்டை வைக்கிறார், எங்கே வெளிச்சத்தை விடுகிறார் என்பதையெல்லாம் கண்ணாலேயே கற்றுக்கொண்டார். பிறகு வருடக்கணக்காகத் தாமே வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து பழகினார்.

1873இல் பலன் கிடைத்தது. தலைமுடியில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது; அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1893இல், சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ஓவியங்கள் விருது பெற்றன. பரோடா, மைசூர் அரசர்கள் அவரை அழைத்துப் புராணக் காட்சிகளை வரையச் செய்தார்கள். தம்பி சி. இராஜராஜவர்மா எங்கும் உடன் சென்றார். இயற்கைக் காட்சிகளில் தேர்ந்த அவர், அண்ணனுடைய ஓவியங்களின் பின்னணியில் மலைகளையும் மரங்களையும் வானத்தையும் வரைந்து துணை நின்றார்.

ஆழம் என்று சொன்னோமே, அது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்திருப்போம். 115 அடி உயரத்தில் செல்லும் அந்தப் பாலத்தின் இரு பக்கச் சுவர்களும் உண்மையில் இணையானவை. ஆனால் நம் கண்ணுக்குத் தூரம் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. அங்கே நடந்து வருபவர் எறும்பு போல் தெரிகிறார். அருகில் வர வர ஆளாகிறார். தூரத்து மலைகள் பச்சை நிறத்தை இழந்து நீலமாக வெளிறிப்போகின்றன. கண் காணும் இந்த விதிகளைத் தாளில் கொண்டுவருவதற்கு 'பெர்ஸ்பெக்டிவ்' என்று பெயர். இணையான கோடுகள் போய்ச் சேரும் இடம் மறையும் புள்ளி. அந்தப் புள்ளி, பார்ப்பவரின் கண் மட்டத்தில் உள்ள தொடுவானக் கோட்டில் அமையும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனலெஸ்கி இதைச் செய்து காட்டினார். 1435இல் ஆல்பர்ட்டி இதை நூலாக எழுதினார். நம் வீட்டுச் சாப்பாட்டு அறையில் லியோனார்டோ டாவின்சி வரைந்த இறுதி இராவுணவுப் படம் இருந்தால், அளவுகோல் ஒன்றை எடுத்து மேற்கூரைக் கட்டங்களின் கோடுகள்மீது வைத்து நீட்டிப் பார்க்கலாம். பக்கச் சுவர்களின் விளிம்புகள்மீதும் வைக்கலாம். எல்லாக் கோடுகளும் ஆண்டவர் இயேசுவின் தலையில் வந்து சேரும். மிலான் நகரின் மூலச் சுவரில் அந்த இடத்தில் ஆணி அடித்த துளை ஒன்றையே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நூல் கட்டிக் கோடு போட அந்த ஆணி உதவியிருக்க வேண்டும்.

இனி நம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருவோம். உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவர்களில் மூலிகை, மண் வண்ணங்களால் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் மறையும் புள்ளி கிடையாது. நடுவில் இருக்கும் தெய்வம் பெரிதாக இருக்கும். சூழ நிற்பவர்கள் சிறியவர்களாக இருப்பார்கள். அவர்கள் தூரத்தில் இருப்பதால் சிறியவர்கள் அல்லர்; தகுதியில் குறைந்தவர்கள் என்பதால் சிறியவர்கள். வரைந்தவர்களின் அறியாமை அல்ல இது. அது வேறொரு மொழி. அதற்குரிய அழகும் இலக்கணமும் அதற்கு உண்டு. அந்த மொழியில் உருவத்தின் அளவு மதிப்பைச் சொல்கிறது. பெர்ஸ்பெக்டிவ் ஓவியத்திலோ அளவு அருகாமையை மட்டுமே சொல்கிறது. அரசனும் தூரத்தில் நின்றால் சிறியவன்தான். கூலியாளும் அருகில் வந்தால் பெரியவன்தான்.

இந்த வேறுபாட்டை அன்றைய திருவிதாங்கூரில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கனம் நமக்குப் புரிகிறது. அந்த நாட்டில் தூரம் என்பது சாதியின் சட்டம். இன்ன சாதியார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. நம் முன்னோர்களில் மிகப் பலர் கோவிலுக்குள் மட்டுமல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடக்க முடியாதவர்கள். அந்த உரிமைக்காக 1926இல் சுசீந்திரத்தில் போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகே கோவில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1894இல், இரவிவர்மா மும்பையில் அச்சகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஓவியங்களை அச்சிட்டு நாடெங்கும் பரப்பலாம் என்று முன்பே அவருக்கு யோசனை சொன்னவர் திருவிதாங்கூரில் திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் தி. மாதவராவ். ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். வண்ணத்துக்கு ஒரு கல்லாக, ஒரே தாளை ஒன்றன்பின் ஒன்றாகப் பல கற்களில் பதித்து எடுத்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் தமயந்தியும் அரண்மனைகளை விட்டு இறங்கிச் சந்தைக்கு வந்தார்கள். கருவறையை எட்டிப் பார்க்கவும் அனுமதி இல்லாதவர்கள் சில்லறைக் காசுக்குப் படம் வாங்கித் தங்கள் மண்சுவரில் மாட்டினார்கள்.

அந்தப் படத்தின் முன் நிற்பவர் யாராக இருந்தாலும் தரையின் கோடுகள் அவரை நோக்கியே விரிகின்றன. தூண்கள் அவருக்காகவே பின்வாங்கி நிற்கின்றன. படத்தின் கண் மட்டம் அவருடைய கண் மட்டமாகிறது. பெர்ஸ்பெக்டிவ் ஓவியம் பார்ப்பவருக்கு ஓர் இடத்தைக் கொடுக்கிறது. அந்த இடத்தில் நிற்க அவர் யாரிடமும் சாதி சொல்ல வேண்டியதில்லை. இரவிவர்மா இதை எண்ணித்தான் அச்சகம் தொடங்கினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் சீர்திருத்தவாதி அல்லர்; அரண்மனையிலேயே வளர்ந்தவர். ஆனாலும் தம்மிடமிருந்து மறைக்கப்பட்ட வித்தையின் பலனை அவர் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திறந்துவிட்டார் என்பது உண்மை.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதல்ல. அச்சகம் கடனில் மூழ்கியது. லோனாவாலா அருகே மளவலிக்கு மாற்றியும் மீளவில்லை. கடைசியில் அங்கே பணியாற்றிய ஜெர்மானியரான ஷ்லைஷரிடமே அதை விற்றுவிட்டார். 1905இல் தம்பி இறந்தார். பின்னணி வரையும் கை இல்லாமல் போன நிலையிலும் மைசூர் அரண்மனைக்கு ஏற்றுக்கொண்ட ஓவியங்களில் உழைத்தார். 1906 அக்டோபர் 2 அன்று, தம் 58ஆம் வயதில் மறைந்தார். மேல்நாட்டு முறையைக் கடன் வாங்கியவர் என்று கல்கத்தா ஓவியர்கள் பின்னாளில் அவரைக் குறை சொன்னார்கள். அவர் தெய்வங்களுக்கு மனித முகம் கொடுத்தது சரியா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.

அன்புக்குரியவர்களே, தூரம் குறித்துப் பேசும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தை அடுத்த வடக்கன்குளத்தில்தான் 1745இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு கால்களாகப் பிரிந்த ஓர் ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் மண்டபங்கள் இரண்டு. இந்தப் பக்கத்துச் சாதியார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்காமலே பலி காணும்படி நடுவில் சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. ஒரே புள்ளியை நோக்கி எல்லாரும் பார்த்தாலும், நடுவில் சுவர் இருக்க முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

இன்று நம் பங்குகளில் கல்சுவர் இல்லை. அன்பியக் கூட்டத்தில் யார் முன்னே அமர்கிறார்கள், திருவிழாக் குழுவில் யார் பெயர் முதலில் வருகிறது, திருமணப் பேச்சில் எந்தக் கேள்வி முதலில் எழுகிறது என்று பார்த்தால், யாரை நாம் சிறியவராக வரைந்து வைத்திருக்கிறோம் என்பது தெரியும். அவர் சிறியவராகத் தெரிவது அவர் தகுதியாலா, நாம் அவரை நிறுத்தி வைத்திருக்கும் தூரத்தாலா? பக்கத்தில் போய் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.