கண்புரை சிகிச்சையில் பார்வை இழந்தும் தூரிகையைக் கைவிடாத ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி

கொல்கத்தா: கண்புரை அறுவைச் சிகிச்சை வெற்றி பெறாததால் பார்வையை முற்றிலும் இழந்த பின்னரும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலைப் பணியைத் தொடர்ந்தவர் வங்க ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி. நவீன இந்திய ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி அவர் பிறந்தார். ஒரு கண்ணில் பிறவியிலேயே பார்வை இல்லை. மற்றொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. இதனால் வழக்கமான பள்ளிக் கல்வி தடைபட்டது. 1917-இல் ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்த அவர், 1919-இல் அங்குள்ள கலா பவனில் நந்தலால் போஸின் மாணவரானார். 1925 முதல் அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற சத்யஜித் ராய், ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

சாந்திநிகேதனின் ஹிந்தி பவனில் 1946-47-இல் அவர் தீட்டிய சுவரோவியம் அவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. இடைக்கால இந்தியாவின் பக்தி இயக்க அருளாளர்களை மூன்று சுவர்களில் அவர் உயிர்ப்பித்தார். தெற்கின் ராமானுஜரும், வடக்கின் கபீர், துளசிதாசர் ஆகியோரும், பார்வையற்ற கவியாகப் போற்றப்படும் சூர்தாசரும் அதில் இடம்பெற்றுள்ளனர்.

பின்னர் நேபாள அரசு அருங்காட்சியகக் காப்பாளராகவும், ராஜஸ்தானின் பனஸ்தலியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். சிற்பியான மனைவி லீலாவுடன் இணைந்து முசௌரியில் கலைப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

பார்வை இருந்த ஒரே கண்ணையும் புரை மறைக்கத் தொடங்கியது. 1956-57 காலகட்டத்தில் மேற்கொள்ளப்பட்ட அறுவைச் சிகிச்சை பயனளிக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே அவரது உலகம் இருண்டது.

அக்காலத்தில் புரை படர்ந்த லென்ஸை அதன் உறையுடன் முழுமையாக அகற்றுவதே பரவலான முறை. செயற்கை லென்ஸை லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949-இல் முதன்முதலாகப் பொருத்தியிருந்தபோதிலும், அது பொதுப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. கடுமையான கிட்டப்பார்வை உள்ள கண்களில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் விழித்திரை விலகும் அபாயமும் அதிகம்.

இன்று லென்ஸின் உறையை விட்டுவைத்து, அதனுள் செயற்கை லென்ஸ் பொருத்தப்படுகிறது. எஞ்சிய செல்கள் உறையின் பின்பகுதியில் வளர்ந்தால் பார்வை மீண்டும் மங்கக்கூடும். செல்களை நன்கு அகற்றுவதும், கூர்மையான விளிம்புடைய லென்ஸ்களைப் பொருத்துவதும் இதைக் குறைக்கின்றன. அதையும் மீறி மங்கினால், லேசர் மூலம் உறையில் சிறு திறப்பு ஏற்படுத்தி, சில நிமிடங்களில் சரிசெய்ய முடிகிறது.

முகர்ஜிக்கு அந்த வாய்ப்புகள் இல்லை. எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1958-இல் கலா பவனுக்குத் திரும்பி, நினைவாற்றலின் துணையுடன் கலை வரலாறு கற்பித்தார். விரல்களின் தொடுஉணர்வைக் கொண்டு கோட்டோவியங்கள் வரைந்தார்; காகிதத்தை வெட்டி ஒட்டினார்; களிமண்ணில் சிற்றுருவங்கள் செய்தார். 1972-இல் கலா பவன் சுவரில் பீங்கான் ஓடுகளாலான பெரும் படைப்பொன்றை உருவாக்கினார். அதே ஆண்டில் சத்யஜித் ராய், தம் ஆசிரியரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

1974-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 'சித்ரகர்' என்ற தன்வரலாற்று நூலுக்காக ரவீந்திர புரஸ்கார் விருதும் கிடைத்தது. 1980-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி அவர் காலமானார். அவர் கண்ணால் கண்டு தீட்டிய சுவரோவியமும், விரலால் உணர்ந்து அமைத்த ஓட்டுச் சுவரும் ஒரே சாந்திநிகேதன் வளாகத்தில் இடம்பெற்றுள்ளன.