பெயரில்லாமல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’

லண்டனில் 1797ல் பிறந்து 1851ல் மறைந்த மேரி ஷெல்லி, பிறந்த சில நாளிலேயே தாயை இழந்தவர். 1816ல் ஜெனிவா ஏரிக்கரையில் நண்பர்கள் விளையாட்டாக வைத்த பேய்க்கதைப் போட்டிக்காக, 18 வயதில் அவர் தொடங்கியதுதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அறிவியல் புனைவின் முன்னோடியான அந்நாவல் 1818ல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. கணவர் பெர்சி எழுதியது என்றே பலர் நினைத்தனர். 1823 பதிப்பில்தான் மேரியின் பெயர் இடம்பெற்றது.

அதற்குள் கவிஞர் பெர்சி கடலில் மூழ்கி இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளில் மிஞ்சியது ஒரே மகன். அவனை வளர்க்க மேரி எழுதிக்கொண்டே இருந்தார். மாமனார் கொடுத்த சொற்பப் பணத்துக்கும் ஒரு நிபந்தனை: பெர்சியின் வாழ்க்கை வரலாற்றை எழுதக்கூடாது. மேரி 1839ல் கணவரின் கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். வரலாற்றை அதன் குறிப்புகளுக்குள் எழுதிவிட்டார்!