ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 - ஜனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியலாளரும் காந்தியவாதியும் ஆவார். காந்தியப் பொருளியலுக்கு முறையான வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். விளக்கு, அரிசி, காகிதம், அடுப்பு, உடை போன்ற அன்றாடப் பொருட்களின் வடிவமும் செய்முறையும் மாறும்போது, அம்மாற்றத்தால் யாருக்கு வேலை கிடைக்கிறது, யார் வேலை இழக்கிறார் என்பதை ஆராய்ந்தவர்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார். எழுத்தாளர் பாரதன் குமரப்பா இவரது சகோதரர். இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்று, பம்பாயில் கணக்காய்வாளராகப் பணியாற்றினார். 1920களின் இறுதியில் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். கொலம்பியாவில் பொருளியலாளர் செலிக்மனின் வழிகாட்டலில் பொதுநிதி பற்றி ஆய்வு செய்தார். அரசின் வரி, செலவுக் கொள்கைகளே இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்னும் முடிவுக்கு இவ்வாய்வின் வழியே வந்தார்.

காந்தியுடன் இணைதல்

1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். இவரது ஆய்வு காந்தியின் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றிய காலத்தில், கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார். உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுச் சிறை சென்றார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியின் கணக்குகளையும் மேற்பார்வை செய்தார்.

கிராமத் தொழில் சங்கம்

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் தலைமையிடமாயிற்று. மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்துக்கு இப்பெயர் இடப்பட்டது. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, பனை வெல்லம் ஆகியவற்றில் இங்கு ஆய்வும் பயிற்சியும் நடைபெற்றன. பழைய கருவிகளை அப்படியே காப்பது சங்கத்தின் நோக்கமன்று. கிராமத்துக் கைவினைஞர் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய வகையில் அவற்றைத் திருத்தி அமைப்பதே நோக்கமாகும்.

அன்றாடப் பொருட்கள் குறித்த சிந்தனை

மண்ணெண்ணெய் விளக்கு இவரது சிந்தனைக்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் எளிதாக மேலேறும். ஆகையால் அதற்கான விளக்குகளில் எண்ணெய்க் கலம் சுடருக்கு வெகு கீழே இருக்கலாம். தாவர எண்ணெய் தடித்தது. அத்தகைய விளக்கில் அது சுடர்வரை நன்கு ஏறாது. மண்ணெண்ணெய் விளக்கு ஒரு வீட்டுக்குள் வந்ததும், அதன் வடிவமே உள்ளூர் எண்ணெயை விலக்கிவிடுகிறது. செக்காட்டுபவர் வாடிக்கையாளரை இழக்கிறார். எண்ணெய்க்கான பணம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. இதற்கு மாற்றாக, கண்ணாடிக் கூண்டுடன் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கு வார்தாவில் உருவாக்கப்பட்டது.

நிலக்கரி, பெட்ரோலியம் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களைச் சார்ந்த பொருளாதாரத்தைத் தேக்கப் பொருளாதாரம் என்றும், ஆண்டுதோறும் விளையும் பொருட்களைச் சார்ந்ததை ஓட்டப் பொருளாதாரம் என்றும் இவர் வகுத்தார். முதலாவது போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்பது இவர் கருத்து.

அரிசியிலும் இதே அணுகுமுறையைக் காணலாம். ஆலையில் நன்கு தீட்டிய அரிசி வெண்மையானது, நெடுநாள் கெடாது, வணிகத்துக்கு ஏற்றது. ஆனால் தவிட்டோடு உயிர்ச்சத்து பி1 பெருமளவு நீங்கிவிடுகிறது. அச்சத்தின் குறைவே பெரிபெரி நோய்க்குக் காரணம். நெல் குத்தும் பெண்களின் கூலியும் ஆலையால் இல்லாமற் போகிறது.

வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது எனப் பிரிப்பதை இவர் ஏற்கவில்லை. சிக்கலானது, எளியது என்றே பிரிக்கவேண்டும் என்றார். தமது உடையையும் அவ்வாறே மாற்றிக்கொண்டார். வேட்டியையும் பைஜாமாவையும் இணைத்து 'தோத்திஜாமா' என்னும் ஆடையை வடிவமைத்து அணிந்தார்.

நூல்கள்

'கிராம இயக்கம் ஏன்?' என்னும் பொருளுடைய ஆங்கில நூல் 1936 இல் வெளியானது. வெள்ளையனே வெளியேறு இயக்க காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும் இயேசுவின் போதனைகள் பற்றிய நூலையும் எழுதினார். இவரது பணியைப் பாராட்டிக் காந்தி கிராமத் தொழில்களின் டாக்டர் என்னும் பட்டத்தை வழங்கினார்.

இறுதிக் காலம்

விடுதலைக்குப்பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெருந்தொழில்களை முதன்மைப்படுத்திய நேரு அரசின் திட்டங்களை வெளிப்படையாக எதிர்த்தார். 1950களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்று, 1960 ஆம் ஆண்டில் மதுரையில் காலமானார்.

தாக்கம்

குமரப்பா ஆதரித்த பொருட்களில் பல சந்தையில் நிலைக்கவில்லை. மகன் தீபம் மண்ணெண்ணெய் விளக்கை வெல்லவில்லை; பின்னர் மின்விளக்கு இரண்டையுமே பின்தள்ளியது. நெல் குத்தும் உரலும் உலக்கையும் வீடுகளிலிருந்து மறைந்தன. கையால் செய்யும் காகிதம் எழுதும் தாளாக நீடிக்காமல், வாழ்த்து அட்டை, ஓவியத்தாள் போன்ற பயன்களுக்கு மாறியது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பனைத்தொழில் இன்றும் எஞ்சியுள்ளது. கருப்பட்டியும் கைக்குத்தல் அரிசியும் செக்கு எண்ணெயும் உடல்நலம் கருதி மீண்டும் விரும்பப்படுகின்றன. ஆனால் அவை ஏழைகளின் அன்றாட உணவாக அன்றி, விலை கூடிய பொருட்களாகத் திரும்பியுள்ளன. குமரப்பா எண்ணிய மாற்றம் இதுவன்று.

பொருளியலாளர் சூமாக்கர், 1973 இல் வெளியான தமது 'சிறியதே அழகு' நூலில் குமரப்பாவின் கருத்துக்களை எடுத்தாண்டுள்ளார். வளங்குன்றா வளர்ச்சி, தகுந்த தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் முன்னோடியாகக் குமரப்பா கருதப்படுகிறார்.