போருக்குப் போகாமல் போரை வரைந்த கோபயாஷி கியோச்சிகா

ஜப்பானின் மரக்கட்டை அச்சு ஓவியங்களில் சிப்பாய்களைப் பார்த்தவர்கள், கோபயாஷி கியோச்சிகாவின் கைவண்ணத்தைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு.

1847இல் தோக்கியோ நகரில் பிறந்தவர் அவர். அப்போது அந்நகரின் பெயர் எடோ. தந்தை அரசாங்க அரிசிக் கிடங்கில் அதிகாரி. ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியான கியோச்சிகா, 1862இல் தந்தை இறந்ததும் குடும்பப் பொறுப்பை ஏற்றார்.

1868இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஷோகுன் படையில் நின்று போரிட்ட அவர் தோல்வியைக் கண்ணால் கண்டார். பதவி போனது, வருமானமும் போனது. சில ஆண்டுகள் ஷிசுவோக்காவில் சிரமப்பட்டு, பின்னர் தோக்கியோ திரும்பினார்.

1876 முதல் 1881 வரை புதிய தோக்கியோவை 93 ஓவியங்களாக வரைந்தார். கேஸ் விளக்கு, ரயில், மழை, நிலவொளி ஆகியவையே அவற்றின் அழகு. 1881இல் நகரில் பெருந்தீ பரவியபோது அவர் தீயை வரைந்துகொண்டிருந்தார். அதே தீயில் அவருடைய வீடும் எரிந்துபோனது.

1894இல் சீனாவுடன் போர் தொடங்கியது. படத்துக்காக மக்கள் கடைகளில் கூடினர். ஓவியர் வரைய, ஒருவர் கட்டையில் செதுக்க, இன்னொருவர் வண்ணத்துக்கு ஒரு கட்டையாக அச்சிடுவார். மூன்று தாள்களைச் சேர்த்தால் ஒரே படம். கியோச்சிகா எழுபதுக்கும் மேற்பட்ட மூன்று தாள் படங்களை வரைந்தார். போர்முனைக்கு அவர் போகவில்லை. செய்திகளைப் படித்தே வரைந்தார்.

பனியில் நிற்கும் சிப்பாய், இரவில் பாயும் ஒளிக்கற்றை என எல்லாவற்றிலும் அவருடைய பழைய ஒளி இருந்தது. மஞ்சள் கடல் போர்ப் படத்தில் கடலுக்கு அடியையும் காட்டினார்; அங்கே சீனக் கப்பல் மாலுமிகளோடு மூழ்குகிறது. அதே கை சீனர்களைக் கேலி செய்யும் படங்களையும் வரைந்தது. தோற்றவனின் வலியை அறிந்தவர், தோற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வைத்தார்.

1904இல் ரஷ்யாவுடன் போர் வந்தபோது புகைப்படமும் அஞ்சலட்டையும் மக்களைக் கவர்ந்தன. கட்டை அச்சுக்கு மவுசு குறைந்தது. 1915இல் கியோச்சிகா காலமானார்.

இன்று அந்தப் படங்கள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ளன. அவற்றின் அழகை ரசிக்கலாம். ஆனால் போரை நேரில் கண்டிராத மக்கள், இந்த அழகான படங்களைப் பார்த்துத்தான் போரை அறிந்துகொண்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.