சூரியப் புள்ளிகளை எண்ணிய மருந்துக்கடைக்காரர்



சூரியனுக்கும் ஏறுமுகம், இறங்குமுகம் உண்டு என்று உலகுக்குச் சொன்னவர் ஹைன்ரிக் ஷ்வாபே. அவர் பேராசிரியரல்ல, மருந்துக்கடைக்காரர்!

1789-ல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் பிறந்தார். பெர்லினில் மருந்தியல் படித்துவிட்டு ஊர் திரும்பி, குடும்பத்து மருந்துக்கடையை நடத்தினார். கை மருந்து அரைத்தாலும் மனசு வானத்தில்தான்!

புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கிரகம் இருக்குமோ என்று தேடப் புறப்பட்டார். இருந்தால், சூரியனைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தெரியும். ஆனால் சூரியனிலேயே புள்ளிகள் உண்டே, எது கிரகம், எது புள்ளி? எல்லாவற்றையும் தினமும் குறித்து வைத்தால்தான் பிரித்தறிய முடியும். 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் தொலைநோக்கியும் நோட்டுமாக உட்கார்ந்தார். 1829-ல் கடையையே விற்றுவிட்டார்!

கிரகம் கிடைத்ததா? கிடைக்கவே இல்லை. ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது. 1828-ல் 225 புள்ளிக் கூட்டங்கள், 1833-ல் வெறும் 33, 1837-ல் 333, 1843-ல் மறுபடியும் 34. சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைகின்றன என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்காக நோட்டை மூடிவிட்டாரா? இல்லை, எண்ணிக்கொண்டே இருந்தார்.

1851-ல் ஹம்போல்ட் என்ற பேரறிஞர் தம் நூலில் அந்த அட்டவணையை வெளியிட்டார். மறு வருஷமே பிரிட்டனின் எட்வர்ட் சபைன், டொரன்டோவிலும் ஹோபார்ட்டிலும் எடுத்த காந்தமானி அளவுகளை அதோடு ஒப்பிட்டார். அட, என்ன ஆச்சரியம்! புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில்தான் பூமியின் காந்த ஊசியும் அதிகம் தடுமாறியது. இந்தச் சுழற்சி சராசரியாக 11 ஆண்டு என்பது பின்னர் தெளிவானது.

நான் மின்னியல் மாணவன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள். ரெக்கார்டு நோட்டில் நான் வரிசை வரிசையாக ரீடிங் எழுதுவதைப் பார்த்து, இந்த நம்பரெல்லாம் எதுக்கு என்று அம்மா கேட்பாங்க. ஷ்வாபே கதைதான் நான் சொல்லும் பதில்.

காரணம், அது நம் துறையையும் தொடுகிறது. புள்ளிகள் மிகுந்த காலத்தில் சூரியன் மின்னேற்றத் துகள்களை அடிக்கடி வீசியெறியும். அவை பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கினால் நீண்ட மின்கம்பிகளில் டி.சி. போன்ற மின்னோட்டம் தூண்டப்படும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கோர் காந்தத்தால் நிரம்பித் திணறும். 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மின்தொகுப்பு ஒன்றரை நிமிடத்தில் சாய்ந்தது. 60 லட்சம் பேருக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டு! அதுவும் புள்ளிகள் உச்சத்தை நெருங்கிய காலம்தான்.

1857-ல் லண்டன் வானியல் கழகம் ஷ்வாபேவுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நாற்பதாண்டுக்கு மேல் எண்ணிய அவர் 1875-ல் மறைந்தார். அவருடைய நோட்டுகளை அக்கழகம் இன்றும் பாதுகாத்து வருகிறது.

நண்பர்களே! தேடியது கிடைக்காமல் போகலாம். ஆனால் கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்த உழைப்பு ஒருநாளும் வீண்போகாது. எழுதுவோம், உண்மையை எழுதுவோம்!