சீன நகரில் 15 நாட்கள்: இப்னு பதூதா (ரஹ்) கண்ட பழைய நண்பர்



பிறந்த மண்ணை விட்டுப் பல்லாண்டுகள் பிரிந்திருந்து பிழைப்பதும் பயில்வதும் நம் சமுதாயத்திற்குப் புதியன அல்ல. இலங்கை, பர்மா, மலாயா, அரபு நாடுகள் என்று சென்ற மகனின் கடிதத்திற்காக வாசலையே பார்த்திருந்த தாய்மார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். எனவே உலகம் சுற்றிய பேரறிஞர் இப்னு பதூதா (ரஹ்) அவர்களுடைய வாழ்வில் நிகழ்ந்த ஒரு சிறு சந்திப்பு உங்கள் உள்ளத்தைத் தொடும் என்று நம்புகிறேன்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இயற்பெயருடைய இப்னு பதூதா (ரஹ்) ஹிஜ்ரி 703-ஆம் ஆண்டில் (கி.பி. 1304) மொரோக்கோ நாட்டின் தன்ஜா நகரில் பிறந்தார்கள். காஜிகள் பலரைத் தந்த குடும்பம் அவர்களுடையது. மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றுத் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 725 ரஜப் மாதத்தில் (1325 ஜூன்) ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் எண்ணத்துடன் தன்னந்தனியே புறப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 21. தாயும் தந்தையும் உயிருடன் இருந்தனர். பிரிவு இரு தரப்பாருக்கும் பெருந்துயரமாக இருந்தது. எனினும், அந்தப் பிரிவு 24 ஆண்டுகள் நீளும் என்று அன்று யார் அறிந்திருந்தார்கள்?

ஹஜ்ஜை முடித்த பின்னர் இராக், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி ஆகிய நாடுகளைக் கண்டு, சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் டில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே காஜியாக நியமனம் பெற்று, சுமார் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

அந்நாட்களில் டில்லிக்கு ஓர் இளைஞர் வந்தார். இன்னும் தாடி முளைக்காத பருவம். புஷ்ரி என்னும் குடும்பப் பெயருடைய அவர், தன்ஜாவுக்கு அருகிலுள்ள சப்தா நகரத்தவர். தம் தாய்மாமனுடன் அவ்வளவு தொலைவு வந்திருந்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தா நூல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தம் மண்ணின் மணம் கமழும் அந்தப் பிள்ளையின் கல்வித் திறனை இப்னு பதூதா (ரஹ்) சுல்தானுக்கு எடுத்துரைத்தார்கள். சுல்தான் 3,000 தீனார்கள் வழங்கி, டில்லியிலேயே தங்கும்படி வேண்டினார். ஆனால் இளைஞரின் நாட்டம் சீனத்தின் மீது இருந்தது. அன்போடு மறுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். அவரவர் வழி அவரவர்க்கு என்றாயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின் இப்னு பதூதா (ரஹ்) அவர்களையே சீனப் பேரரசரிடம் தூதராகச் சுல்தான் அனுப்பினார். கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் வீசிய புயலில் காணிக்கைப் பொருள்களை ஏற்றிய கப்பல் அழிந்தது. கையில் எஞ்சியது சொற்பமே. மாலத்தீவில் காஜியாக இருந்தார்கள். இலங்கையில் ஆதம் மலையைத் தரிசித்தார்கள். அங்கிருந்து புறப்பட்ட கப்பல் சேதமுற்று, நமது தமிழகக் கரையில் ஒதுங்கினார்கள். அன்று மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவர்களுடைய சகலர் ஆவார். மதுரையில் கொள்ளை நோயின் கொடுமையையும் கண்டார்கள். பின்னர் வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனத்தின் ஜைத்தூன் துறைமுகத்தை அடைந்தார்கள். அது 1346-ஆம் ஆண்டை ஒட்டிய காலம்.

மங்கோலியர் ஆண்ட அன்றைய சீனத்தில் வணிகத்திற்காகக் குடியேறிய முஸ்லிம்கள் பெருநகரங்களில் தமக்கெனத் தனிப் பகுதிகளையும், பள்ளிவாசல்களையும், காஜியையும், ஷைகுல் இஸ்லாமையும் கொண்டிருந்தனர். தம் மார்க்கத்தார் எவரேனும் வெளிநாட்டிலிருந்து வந்தால் அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஜைத்தூனில் தப்ரீஸ் நகர வணிகர் ஷரபுத்தீன் வந்து பார்த்தார். இப்னு பதூதா (ரஹ்) இந்தியாவுக்கு வந்த புதிதில் கடன் கொடுத்து உதவிய நல்ல மனிதர் அவர்!

அங்கிருந்து சென்ற ஊர்களுள் ஒன்று கன்ஜன்ஃபூ. ஃபூஜோ நகரமே அது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். தோட்டங்கள் சூழ்ந்த விரிந்த சமவெளியில் அமைந்த அந்நகரம் அவர்களுக்கு டமாஸ்கஸை நினைவூட்டிற்று. நகருக்கு நான்கு மதில்கள் இருந்தன. மூன்றாவது மதிலுக்குள் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். காஜியும் வணிகர்களும் கொடிகளுடனும் மேளங்களுடனும் எதிர்கொண்டு அழைக்க, முஸ்லிம்களின் ஷைகு ஒருவரது இல்லத்தில் தங்கினார்கள்.

ஒருநாள், பெருமதிப்பிற்குரிய மார்க்க அறிஞர் ஒருவரின் கப்பல் வந்திருப்பதாகவும், அவர் காண விரும்புவதாகவும் சொல்லப்பட்டது. சப்தாவைச் சேர்ந்த மவ்லானா கிவாமுத்தீன் என்று அவரை அறிமுகப்படுத்தினர். அவர் உள்ளே வந்து ஸலாம் கூறி அமர்ந்தார். இப்னு பதூதா (ரஹ்) அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்கள். எங்கோ பார்த்த முகம்! அப்படிப் பார்ப்பதேன் என்று வந்தவர் வினவ, ஊர் எது என்று இவர்கள் வினவினார்கள். சப்தா என்றார். தாம் தன்ஜா என்றார்கள் இவர்கள். கேட்டவுடன் அவர் மீண்டும் ஸலாம் கூறிக் கண்ணீர் உகுத்தார். இவர்களும் அழுதார்கள். இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று கேட்க, டில்லிக்கு வந்ததாகக் கூறினார். அந்தக் கணத்தில் நினைவு வந்துவிட்டது. அன்று சீனம் நோக்கிச் சென்ற அந்த இளைஞர் புஷ்ரியே இவர்!

சீனத்தில் அவர் பெருஞ்செல்வராகியிருந்தார். அடிமை முறை நிலவிய காலமாதலால் பணியாட்களாக அடிமைகளும் நிரம்ப வைத்திருந்தார். அவர்களுள் நால்வரையும் வேறு பல பொருள்களையும் பழைய நண்பருக்கு அன்பளிப்பாகத் தந்தார்.

இப்னு பதூதா (ரஹ்) அந்நகரில் தங்கியது 15 நாட்களே. சீனத்தின் வளம் வியக்கத்தக்கதாயினும், மார்க்கத்திற்கு மாறான காட்சிகள் மலிந்திருந்ததால் அங்கே அவர்கள் மனம் ஒட்டவில்லை. தேவை இருந்தாலன்றி வீட்டை விட்டு வெளிச்செல்லவும் விரும்பவில்லை. முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்த உறவினரைக் கண்டது போல் இருந்தது. அந்த மனநிலையில், தம் ஊர்ப் பேச்சைப் பேசும் ஒருவருடன் கழிந்த நாட்களின் இனிமையை எண்ணிப் பாருங்கள். விடைபெற்றபோது புஷ்ரி வாசலோடு நின்றுவிடவில்லை. நான்கு நாள் வழித்தொலைவு உடன் வந்து வழியனுப்பினார்.

இனி, மறுபக்கத்தையும் பாருங்கள். இப்னு பதூதா (ரஹ்) 1348-இல் டமாஸ்கஸ் வந்தபோது, தந்தையார் மரணமடைந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன என்னும் செய்தி கிடைத்தது. 1349-இல் தாயகத்தை நெருங்கியபோது, தாயார் கொள்ளை நோயில் இறந்துவிட்ட செய்தி வந்தது. தன்ஜாவுக்குச் சென்று அன்னையின் கப்ரை ஜியாரத் செய்ய முடிந்ததேயன்றி, முகத்தைக் காணும் பேறு கிட்டவில்லை. உலகின் கடைக்கோடியில் நண்பரைக் கண்டவர், சொந்த வீட்டு வாசலில் தாயைக் காணவில்லை.

அதன் பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைக் காணப் புறப்பட்டார்கள். ஸஹாரா பாலைவனத்தின் விளிம்பில் உள்ள சிஜில்மாஸா நகரில் அவர்களுக்கு இடமளித்து உபசரித்தவர் அபூ முஹம்மது புஷ்ரி என்னும் மார்க்க அறிஞர். யார் அவர்? கன்ஜன்ஃபூவில் கண்ட நண்பரின் உடன்பிறந்தவர்! ஒருவர் சீனத்தில், மற்றவர் பாலைவனத்தின் ஓரத்தில். சகோதரர் இருவருக்கும் இடையே இருந்த தொலைவை எண்ணி இப்னு பதூதா (ரஹ்) வியந்திருக்கிறார்கள். 1352 பிப்ரவரியில் அங்கிருந்து பாலைவனம் கடக்கப் புறப்பட்டார்கள்.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு பதூதா (ரஹ்) சொல்லச் சொல்ல, அறிஞர் இப்னு ஜுஸைய் எழுதிய பயண நூல் 1355-இல் நிறைவுற்றது. சீனப் பயணப் பகுதியை ஐயுறும் ஆய்வாளரும் உண்டு. ஆயினும் இந்தச் சந்திப்பின் கண்ணீரை நூலில் படிப்போர் எளிதில் மறக்க மாட்டார்கள். ஹிஜ்ரி 770-ஆம் ஆண்டளவில் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள்.

சகோதரர்களே! டில்லியில் ஓர் இளம் மாணவருக்காகப் பரிந்து பேசியது சிறு செயல்தான். அது சீனத்தில் கண்ணீராகவும், சிஜில்மாஸாவில் விருந்தாகவும் திரும்பி வந்தது. கற்கும் பிள்ளைக்காக நாம் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை வீண்போவதில்லை. வந்த நண்பரை வழியனுப்ப நான்கு நாள் உடன் பயணித்தவரின் வரலாற்றைப் படித்துவிட்டு, ஊருக்கு வந்த நண்பரைப் பார்க்க நேரமில்லை என்று நாம் கூறலாமா?

அக்காலத்தில் தந்தையின் மரணச் செய்தி மகனைச் சேர 15 ஆண்டுகள் ஆயிற்று. இன்று ஒரு நொடியில் தாயின் குரலைக் கேட்கலாம். இருந்தும் கேளாமல் இருப்போமானால், அந்தக் குறை தொலைவின் மீதன்று, நம் மீதே. இன்று ஜும்ஆ தொழுகைக்குப் பின், வெளியூரில் இருக்கும் நீங்கள் பெற்றோருடன் பேசுங்கள். பெற்றோரை இழந்தவர்கள் அவர்களுக்காகக் கையேந்துங்கள்.

பிரிந்திருக்கும் உறவுகளையும் நட்புகளையும் வல்ல அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் நலமுடன் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.